வாய்தாவுக்கு ஜாமீன்

அகிலாண்டம் கார்த்திகை மழையைக் கூடவே கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தாள். குடையை வாசலில் உதறவில்லை. உள்ளே வந்து ஹாஜா மைதீனின் மேசைமேல் உதறினாள். பிறகு அவர் உட்கார்ந்து வேலை செய்யும் ஸ்டூலை இழுத்து, வாசலை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“மோட்டாரோடதான் எழுந்திரிப்பேன் பாய்.”

“அடடா, மழையில நீங்க எதுக்கும்மா வரணும்? நாளைக்குக் காலையில முதல் வேலை உங்களோடதுதான்னு இப்பதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“அந்த நாளைக்கு ஐப்பசியிலேயே வந்துட்டுப் போயிடுச்சு. பள்ளக்கால் முழுக்கத் தண்ணி நிக்குது. பயிர் மூழ்கிக்கிட்டிருக்கு. இன்னிக்குத் தண்ணியை வடிகால்ல தள்ளலேன்னா அத்தனையும் அழுகிடும். நாளைக்கு இல்ல. இன்னிக்கு.”

ஹாஜா மைதீன் சாதாரண நாளாக இருந்தால் தப்பித்திருப்பார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்கதவு வழியாகப் போனால் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்துதான் திரும்புவார். ஆனால் அன்று பின்கதவுக்கு முன்னால், பழுதுக்கு வந்த கிரைண்டர்களும் மிக்ஸிகளும் ஆளுயரத்துக்கு அடுக்கி நின்றன. தன் தாமதத்தைக் கொண்டு தனக்கே அவர் சுவர் எழுப்பிவைத்திருந்தார்.

திருப்பனந்தாள் கடைத்தெருவில் அவர் கடைக்கு மேலே ‘ஹாஜா எலக்ட்ரிக்கல்ஸ்’ என்று போர்டு உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் எந்த ஆட்டோக்காரருக்கும் தெரியாது. வாய்தா பாய் கடை என்று சொல்ல வேண்டும். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதும் நிஜம். கொடுத்த பொருளைத் திரும்பப் பார்க்க ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதும் நிஜம். ஒரு வீட்டில் மிக்ஸியைக் கொடுத்திருந்தார்கள். அது மூலையில் கிடந்தது கிடந்தபடியே இருக்க, தெருக்கோழி ஒன்று அந்த ஜாரில் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, குஞ்சு சேவலாகிக் கூவி, அந்தச் சேவல் பெருநாள் பிரியாணியிலும் சேர்ந்த பிறகுதான் மிக்ஸி வீட்டுக்குப் போனது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஜாரில் இறகு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வாய்தா என்ற சொல்லும் அவரைப் போலத்தான், கிளம்பிய இடத்திலிருந்து வந்துசேர வெகுகாலம் எடுத்துக்கொண்டது. அரபியில் ‘வஅதா’ என்றால் வாக்குக் கொடுத்தல். பாரசீகத்திலும் உருதுவிலும் தங்கி இளைப்பாறி ‘வாதா’ ஆயிற்று. நவாபு காலத்துச் சர்க்கார் கச்சேரிகளோடு நம் பக்கம் வந்து, நிலத்தீர்வை கட்ட வேண்டிய தவணை நாளுக்குப் பெயராயிற்று. கிஸ்தி, வசூல், ஜப்தி எல்லாம் அதோடு ஒரே வண்டியில் வந்து இறங்கிய உறவுக்காரர்கள். பிறகு கோர்ட்டுக்குள் நுழைந்தது. வழக்கை இன்ன நாளுக்கு ஒத்திவைத்தோம் என்றால் அந்த நாள் வாய்தா. அங்கே ஒத்திவைப்பதைத் தவிர வேறொன்றும் நடக்காததைப் பார்த்துப் பார்த்து, ஜனங்கள் ஒத்திப்போடுவதற்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வாக்கு என்று புறப்பட்ட சொல், வாக்குத் தவறுவது என்று வந்துசேர்ந்தது.

ஹாஜா மைதீனும் இளவயதில் வாக்குத் தவறாத ஆளாகத்தான் இருந்தார். கும்பகோணத்தில் தொழில் கற்று, நிக்காஹ் முடிந்த கையோடு ஷார்ஜாவுக்குப் போனார். மனைவி அனீஸாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, ஊருக்குப் போக வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டார். “புக்ரா” என்றார் மேஸ்திரி. நாளைக்கு என்று அர்த்தம். மறுநாள் கேட்டார். புக்ரா. அந்தப் பாலைவனத்தில் இந்த ஒரு சொல் மட்டும் வாடாமல் பூத்துக்கொண்டே இருந்தது. அவர் ஊர் வந்து சேர்ந்தபோது மகள் தஹ்மீனா நடக்க ஆரம்பித்திருந்தாள். அத்தாவைப் பார்த்துப் பயந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். மற்றவர்கள் அத்தரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். இவர் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். மேஸ்திரி அதைச் சொன்னது வேலை வாங்குவதற்காக. இவர் சொல்வது, எதிரே நிற்பவரின் முகம் வாடிப்போகக் கூடாது என்பதற்காக. ‘முடியாது’ என்று ஒரு மனிதரிடம் சொல்ல அவருக்கு நாக்கு வராது. வேலை நிரம்பி வழிந்தாலும் பொருளை வாங்கி வைத்துக்கொள்வார். வாங்கியதும் முதல் காரியமாகப் பிரித்துப் போட்டுவிடுவார். பிரித்துப்போட்ட மோட்டாரைத் தூக்கிக்கொண்டு யாரும் வேறு கடைக்குப் போக முடியாதல்லவா?

ஊரும் லேசுப்பட்டதில்லை. வாய்தா பாய்க்கு ஒரு மாற்று கண்டுபிடித்தது. வெள்ளிக்கிழமை வேண்டுமென்றால், செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்று சொல்லிவைப்பார்கள். நடக்காத கல்யாணங்கள், காதுகுத்துகள், வராத மாப்பிள்ளை வீட்டார் என்று அந்தக் கடையில் ஊர் முழுவதும் புளுகியது. அது பாய்க்கும் தெரிந்துபோயிற்று. யார் எந்த நாளைச் சொன்னாலும் மனதுக்குள் ஒரு வாரத்தைக் கூட்டிக்கொள்வார். அது தெரிந்து ஊர் இன்னும் முன்னால் சொல்லும். கடைசியில் அந்தக் கடைக்குள் காலண்டருக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று.

அகிலாண்டத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அண்ணன் தம்பிகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட, வடிகாலை ஒட்டிய அந்தப் பள்ளக்கால் நிலத்தைத் தனியாளாகக் கட்டிக் காப்பவள். குறுவை அறுப்பின்போது எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து போட்டு, “அடைமழைக்கு முன்னால வேணும்” என்றாள். அவள் சொன்னது அடைமழைக்கு முன்னால். பாய்க்குக் கேட்டது தை அறுப்புக்கு முன்னால்.

அவள் சொன்னது நிஜ நாள்தான் என்பது பாய்க்கு இப்போதுதான், வாசலை அடைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தபோதுதான், உறைத்தது.

“நிஜமாவே மூழ்கிடுச்சா?”

“பின்ன, உங்களைப் பார்க்க ஆசைப்பட்டா வந்தேன்?”

“வாடகைக்கு டீசல் இன்ஜின்…”

“ஒண்ணு பாக்கியில்ல. எல்லார் வயலும் தண்ணியிலதான் கிடக்கு. எடுங்க.”

அவர் எடுத்தார். நல்ல வேளையாக, பழைய காயிலை முதல் நாளே வெட்டி எடுத்திருந்தார். மோட்டாரின் இரும்புக்கூட்டை மேசைமேல் ஏற்றி, உள்பக்கக் காடிகளைச் சுரண்டி, காகிதம் மடித்துச் செருகி, தாமிரக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். வேலை செய்கிற ஹாஜா மைதீனைப் பார்ப்பது அபூர்வம். விரல்கள் மட்டும் வேறொருவருடையவை போல் ஓடும்.

அகிலாண்டத்தின் செல்போன் அடித்தது. வயலைப் பார்த்துக்கொள்ளும் வீரையன்.

“அம்மா, தோகை நுனி ஒரு விரக்கடை தெரியுதுங்க. வடிகால்ல தண்ணி நிறைய ஓடுது, ஆனா ஓடுது. நாம தூக்கி ஊத்தினா வாங்கிக்கும். கரையில பைப்பு, சுவிட்சு எல்லாம் ரெடியா வச்சிருக்கேன். மோட்டார் வந்துடுங்களா?”

அவள் பாயைப் பார்த்தாள். பாய் நிமிரவில்லை.

“வந்துடும் வீரையா.”

மழைக்கு ஒதுங்கியதுபோல் உள்ளே வந்தார் ஸ்ரீநிவாசன். கும்பகோணம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கிரைண்டர், பின்கதவுச் சுவரில் அடிவரிசையில் இருந்தது. அகிலாண்டத்தைத் தாண்டி வர இடமில்லாமல், குடையோடு ஒருக்களித்து நுழைந்தார்.

“என்ன அதிசயம்! பாய் வேலை பாக்கறார். அதான் மழை நிக்க மாட்டேங்கறது.”

“உங்களோடதும் நாளைக்கு முடிஞ்சுடும் சார்,” என்றார் பாய், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“பாய், வாய்தா வாய்தான்னு நீர் கொடுக்கறீரே, அப்படின்னா என்னன்னு தெரியுமோ? குறிச்ச நாள். அன்னிக்கு ஆஜராகலேன்னா பிடிவாரண்டு.”

“எங்க ஆளுங்க பேச்சுல அது வாதா சார். வாக்குன்னு அர்த்தம். நான் வாக்குத்தானே கொடுக்கறேன்? எதையாவது தள்ளிப்போட்டிருக்கேனா?”

ஸ்ரீநிவாசன் சிரித்துச் சிரித்து இருமினார். “வாக்குக் கொடுத்தா மட்டும் ஆச்சா? எங்க தாத்தா சொல்லுவார், கிஸ்திக்கு வாய்தா கேட்டவனை அந்தக் காலத்துல சும்மா விட மாட்டாளாம். ஜாமீன் எங்கேம்பாளாம். ஊர்ல ஒருத்தன் முன்னால வந்து, இவன் கட்டலேன்னா என்னைப் பிடிங்கோன்னு நிக்கணும். உமக்கு யார் நிப்பா? உம்ம ஆத்துக்காரி நிப்பாளோ?”

“அனீஸாவா? அவ வீட்டு ஃபேனே இங்கதான் மேல்வரிசையில கிடக்கு சார்.”

அகிலாண்டம் சிரிக்கவில்லை. “பேச்சைக் குறைங்க ரெண்டு பேரும். கை நிக்குது.”

மறுபடி போன்.

“அம்மா, நுனி அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் தெரியுது. கிழக்கு மூலையில ஒண்ணுமே தெரியல. மேலக்கரையில உடைப்பு வேற வரும் போலிருக்கு, மண்மூட்டை போட்டு மிதிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

கார்த்திகையில் தூர் கட்டும் பயிர் அது. தலைக்கு மேல் தண்ணீர் நின்றால் மூச்சு முட்டி, குருத்து அழுகி, கையால் தொட்டால் சோறு போல் வந்துவிடும். அப்புறம் மறுநடவுக்கு நாற்றும் கிடையாது, நாளும் கிடையாது. அந்த நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்று அண்ணன் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தச் சம்பாவும் போனால் அவளிடம் பதில் இருக்காது. ஒரு குளிர்சாதன அறையில், அண்ணன் பேரன்களுக்கு டிபன் டப்பா கட்டிக்கொண்டு மீதிக் காலம் ஓடும்.

கடைசிக் கம்பியைச் செருகி, மூங்கில் ஆப்பு அடித்து, நூலால் இறுக்கிக் கட்டி முடித்தபோது பாயின் நெற்றியில் வியர்வை. விளக்கை வைத்துச் சோதித்தார். எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது. அகிலாண்டம் எழுந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக.

“மாட்டுங்க. ஆட்டோ நிக்குது.”

பாய் வார்னிஷ் டப்பாவைத் திறந்து, காயில் முழுவதும் நனைய ஊற்றினார். பிறகு நிமிர்ந்து, அவளைப் பார்த்து, உலகத்திலேயே கஷ்டமான காரியத்தைச் செய்பவர் போல் வாயைத் திறந்தார்.

“அம்மா, இது காயணும். பல்பு போட்டு மூடி வைக்கணும். கொஞ்சம் டைம் கொடுங்க.”

ஸ்ரீநிவாசன் தொடையில் தட்டிக்கொண்டார். “வாய்தா கொடுத்துட்டார் பாருங்கோ! அரை நாள் வேலை பார்த்தும் பழக்கம் விடலை!”

“சார், சும்மா இருங்க. அல்லாஹ் மேல ஆணையா சொல்றேம்மா. காயாம தண்ணி ஓரத்துல வச்சு ஓட்டினா, ஈரம் ஏறி நாலு சுத்துல எரிஞ்சுடும். மறுபடி கட்ட என்கிட்ட கம்பி கூட இல்ல.”

“இதே மாதிரிதான பாய் போன மாசமும் ஆணை போட்டீங்க? புள்ளை மேல.”

“அது பொய்ம்மா. இது நிஜம்.”

தகரக் கூரையில் மழை வலுத்தது. அகிலாண்டத்துக்கு மோட்டார் சாத்திரம் தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்த மனிதரைத்தான். இவர் சொன்ன எந்த நாளும் வந்ததில்லை. நம்பினால் பயிர் போகும். நம்பாவிட்டால் மோட்டார் போகும், பயிரும் போகும். அல்லது இவர் எப்போதும்போல் புளுகுகிறார், மோட்டார் இப்போதே ஓடும். இதில் எது?

“தூக்குங்க,” என்றாள்.

ஹாஜா மைதீன் நகரவில்லை. வார்னிஷ் சொட்டும் இரும்புக்கூட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்து மூடிக்கொண்டார், சட்டை முழுவதும் பிசுபிசுக்க. யாரையும் எதற்கும் மறுத்துப் பேசாத மனிதர், ஒரு பெண்ணின் வழியை மறித்து நின்றார்.

“மாட்டேம்மா. என்னை அடிங்க. இதைத் தரமாட்டேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லும்போது இந்த மனிதர் எப்போதும் சிரிப்பார். எதிராளி மனம் நோகாமல் இருக்கத்தானே அவருடைய பொய்யெல்லாம்? இப்போது சிரிப்பு இல்லை.

“எவ்வளவு நேரம்?” என்றாள்.

“பல்பு சூட்டுல ராத்திரி ஆயிடும். இன்னும் நல்ல சூடு இருந்தா…”

அவர் முடிப்பதற்குள் எங்கோ ‘டமார்’ என்றது. பல்பு அணைந்தது. கடைத்தெரு டிரான்ஸ்பார்மர்மேல் வாகைமரம் சாய்ந்துவிட்டது என்று கத்திக்கொண்டு யாரோ ஓடினார்கள். வயல்காட்டு லைன் வேறு. அங்கே கரண்டு இருக்கிறது என்று வீரையன் போனில் சொன்னார். நுனி கூடத் தெரியவில்லை என்றும் சொன்னார். இங்கே பல்பு இல்லை. சூடு இல்லை.

ஹாஜா மைதீன் இருட்டில் தார்ப்பாயைத் தேடி எடுத்தார். பிறகு, “யூனுஸ் அடுப்பு,” என்றார், தூக்குமேடைக்கு வழி சொல்பவர் குரலில்.

யூனுஸ் அனீஸாவின் தம்பி. தெருக்கோடியில் பேக்கரி. செங்கல் அடுப்பு, விறகுத் தீ. கரண்டு போனால் அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மாவு பிசையும் மிஷினின் மோட்டார் வாய்தா பாயிடம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவர் மச்சானோடு பேசுவதை விட்டிருந்தார். கையால் மாவு பிசைந்து பிசைந்து மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றியிருந்தார். பெருநாளன்று அக்கா வீட்டுக்கு வந்தவர், அக்காவைக் கட்டித் தழுவிவிட்டு, மச்சானைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைத் தழுவினார்.

இரும்புக்கூட்டைத் தார்ப்பாயில் சுற்றி, மோட்டாரின் மற்ற பாகங்களைச் சாக்கில் போட்டு, பாயும் அகிலாண்டமும் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போனார்கள். தெருவே வாய்க்காலாக ஓடியது. பேக்கரிக்குள் பன் தட்டுகளை அப்போதுதான் வெளியே இழுத்துக்கொண்டிருந்தார் யூனுஸ். மச்சானைப் பார்த்ததும் தட்டைப் படாரென்று வைத்தார்.

“அடடே, வாய்தா சாயபு! வழி தவறிட்டீங்களா?”

“மாப்ளே, அடுப்பு வேணும்.”

“என்னது?”

“இந்தக் காயில் காயணும். அம்மா வயல் மூழ்கிக்கிட்டிருக்கு. பன் எடுத்த சூடு போதும்.”

“அடுத்து ரஸ்க் போகணும். எத்தனை கடை காத்துக்கிட்டிருக்கு தெரியுமா? உங்க வார்னிஷை உள்ள விட்டா ரஸ்க்கு, மண்ணெண்ணெய்க் கடையில வாங்கின மாதிரி மணக்கும். நான் வாக்குக் கொடுத்தா காப்பாத்தற ஆளு மச்சான். எல்லாரும் உங்களை மாதிரியா?”

ஹாஜா மைதீன் தலைகுனிந்தார்.

“என் மிஷினு எப்ப வரும்? அதைச் சொல்லுங்க. நாளைக்கா?”

எல்லோரும் அந்தச் சொல்லை எதிர்பார்த்தார்கள். அடுப்பில் தட்டு தள்ளும் ஆள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பாய் வாயைத் திறந்தார். மூடினார்.

“தெரியல மாப்ளே. இன்னும் தொடவே இல்ல. உன் மூஞ்சில முழிக்க வெட்கமா இருந்துச்சு. தள்ளித் தள்ளி வச்சேன். அவ்வளவுதான்.”

யூனுஸுக்கு ஆத்திரம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. வீங்கிய கையைத் தூக்கி மச்சான் முகத்துக்கு நேரே காட்டினார். “தொடவே இல்லயா! இதைப் பாருங்க. இதைப் பாருங்கன்றேன்!”

“நான் ஜாமீன்,” என்றாள் அகிலாண்டம்.

யூனுஸ் திரும்பினார்.

“இன்னிக்குக் காலையிலேர்ந்து இவரு கடை வாசல்ல உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கக் கூட விடல. வேலை முடிஞ்சுது. உங்க மோட்டாருக்கும் அதே மாதிரி வந்து உட்கார்றேன். அது உங்க கைக்கு வர்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். என் பயிர் பொழைச்சாலும் வருவேன், செத்தாலும் வருவேன். இவரு வார்த்தையை நீங்க நம்ப வேணாம். நானும் நம்பல. என் வார்த்தையை நம்புங்க.”

“நீங்களேம்மா இந்த ஆளுக்கு…” என்று இழுத்தார் யூனுஸ்.

“எனக்கு வேற வழியில்ல தம்பி. பயிருக்கு மூச்சு நிக்கப் போகுது.”

யூனுஸ் ரஸ்க் தட்டுகளைப் பார்த்தார். சாலையில் புரளும் மழையைப் பார்த்தார். பிறகு ஒரு கைப்பிடி மைதாவை அடுப்புத் தரையில் வீசினார். அது உடனே கருகியது.

“இப்ப வைச்சா உங்க காயில் பொரியலாயிடும். பொறுங்க.”

ஆக, அந்த அடுப்புக்கும் ஒரு வாய்தா வேண்டியிருந்தது. மூவரும் நின்றார்கள். இன்னொரு பிடி மாவு வீசினார், செம்பழுப்பாயிற்று. கங்குகளை வாரி வெளியே தள்ளச் சொன்னார். இன்னொரு பிடி. வெண்மை மெதுவாக, தயங்கித் தயங்கி, பொன் நிறத்துக்கு மாறியது.

“ரஸ்க் சூடு. தள்ளுங்க.”

நீளத் துடுப்பில் வைத்து இரும்புக்கூட்டை உள்ளே தள்ளி, வாயை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் பேக்கரி முழுவதும் வார்னிஷ் வாடை. பன் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். யூனுஸ் ஒவ்வொருவரிடமும், “எங்க மச்சான் புதுசா ஒரு கேக் போட்டிருக்காரு, நாளைக்கு வாங்க, கிடைக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாய் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, அடுப்பு வாசலை விட்டு அசையாமல் நின்றார். அகிலாண்டத்தின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது?

வெளியே எடுத்தபோது வார்னிஷ் கண்ணாடி போல் கெட்டிப்பட்டிருந்தது. பாய் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகம் வழுக்கியது. துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஓடும் ஆட்டோவிலேயே மோட்டாரின் சுழலும் உள் உருளையைச் செருகி, மூடியை முடுக்கினார். மண்ணியாற்றுப் பாலம் தாண்டும்போது ஒரு நட்டு கைதவறித் தண்ணீரில் விழுந்தது. அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆட்டோக்காரர் தன் வண்டியிலிருந்தே ஒரு நட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

வெளிச்சம் போவதற்குள் வயலுக்கு வந்துவிட்டார்கள். வயல் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. வரப்பு வரைக்கும் பழுப்புத் தண்ணீர். கரையில் மண்மூட்டைமேல் நின்றுகொண்டிருந்த வீரையன், முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்தார்.

“போன் எடுக்கலியேம்மா. இனிமே வர மாட்டீங்கன்னு நினைச்சுட்டேன்.”

பைப்பை மாட்டி, ஒயரை முடுக்கினார்கள். ஹாஜா மைதீன் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்றார். கை பச்சைப் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

“பாய்,” என்றாள் அகிலாண்டம்.

“பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான். அழுத்துங்க.”

மோட்டார் உறுமியது, தடுமாறியது, ஒரு கணம் நின்றுவிடும் போல் முனகியது. வீரையன் பைப்பின் வாயில் குடத்துத் தண்ணீரைக் கொட்டினார். பிறகு ஒரு இருமல். வடிகால் பக்கம் தண்ணீர் யானை துதிக்கையில் அடிப்பதுபோல் பாய்ந்தது. பாய் குனிந்து மோட்டார் உடம்பில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல். சூடு ஏறுகிறதா, எரியும் வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று அவள் சொன்னாள். புதுக் காயிலை நம்ப முடியாது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார். அவர் அப்படியே இருந்துவிட்டார். அவளும் இருந்துவிட்டாள்.

விடிந்தபோது தண்ணீருக்கு மேலே வரிவரியாக ஏதோ தெரிந்தது. சேறு பூசிய தோகைகள், ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. உயிர் இருக்கிறதா, வெறும் கூடா என்று கரையிலிருந்து சொல்ல முடியாது. வீரையன் வயலுக்குள் இறங்கினார். கிழக்கு மூலையில் ஒரு தூரைப் பிடித்தார். இழுக்கவே இல்லை; கையோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்து, தூர எறிந்தார்.

“இந்த மூலை போச்சும்மா.”

அகிலாண்டம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் நடுவயலுக்குப் போனார். குனிந்து ஒரு தூரைப் பற்றி இழுத்தார். வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தார். மண் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. வேரை வாய்க்கால் தண்ணீரில் அலசி, குருத்தைக் கீறி, மூக்கருகே கொண்டுபோனார். கரைக்கு வந்து அவளிடம் நீட்டினார்.

அவளும் முகர்ந்தாள். சேறும் பச்சையும் கலந்த வாசம். அழுகல் இல்லை. கீறிய குருத்துக்குள் வெள்ளை, ஈரமாக, உயிரோடு இருந்தது. அதைப் பக்கத்தில் நின்ற ஹாஜா மைதீனின் கையில் கொடுத்தாள். அவருக்குப் பயிரைப் பற்றி எதுவும் தெரியாது; என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் முகர்ந்து பார்த்தார்.

கிழக்கே மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்ததும் பாய் தன் சட்டையைக் கழற்றி மோட்டார்மேல் போர்த்தினார். தண்ணீர் வடிகாலுக்குள் விழுந்துகொண்டே இருந்தது.

“நிறுத்த வேணாம்,” என்றாள் அகிலாண்டம். “ஓடட்டும்.”